ரோலரில் ஒரு சின்ன வேலை

'சின்ன வேலை பாக்கி' ஆசாமிகள் என்றோர் இனம் நம் ஊர்களில் உண்டு. இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி எதையும் தொடமாட்டான். அவனால் யாருக்கும் நஷ்டமில்லை. இவர்கள் தொடுவார்கள். நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியைக் கழற்றி, இறக்கையை நிமிர்த்தி, மாட்டி, இப்போது ஆடுகிறதே என்று மறுபடி கழற்றி, கீழே வேர்த்து வழியும் வீட்டாரிடம், "பொறுங்க, ஒரு சின்ன வேலை பாக்கி" என்பார்கள். அந்தச் சின்ன வேலை முடிந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

இந்த இனத்தில் அசல் சரக்கு வேண்டுமென்றால் திருச்செங்கோட்டுக்குப் போங்கள். அங்கே ரிக் வண்டிகளுக்கு, அதாவது போர்வெல் போடும் லாரிகளுக்கு, இரும்பு வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார் காளியண்ணன். அவர் மனைவி அங்கம்மாளுக்குத் தாய்வீடு ஜேடர்பாளையம். காவிரித் தடுப்பணையைப் பார்த்தே வளர்ந்தவர்; ஆனால் தண்ணீர்மேல் ஒரு தடவைகூடப் போனதில்லை. பெண்பிள்ளைக்குப் பரிசல் ஒரு கேடா என்று கேட்ட வீடு அது. கல்யாணமாகி, பிள்ளைகளைக் கரையேற்றி, முழங்கால் தேய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, கால் நல்லா இருக்கறப்பவே ஒருக்கா ஆத்து நடுவால நின்னு எங்க ஊரைப் பாக்கோணுமுங்க."

பரிசல்காரரைக் கூப்பிட்டிருந்தால் அன்று மாலையே முடிந்திருக்கும். ஆனால் பரிசலில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? காளியண்ணன் கொச்சிக்குப் போய், நாலு பேர் உட்காரும் மோட்டார் வைத்த ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அனுமதியெல்லாம் முறையாக வாங்கினார். மனிதரைக் குறை சொல்லக்கூடாது. தை மாத நடுவில் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள், ஆற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் மணலைத் தட்டும், அதற்குள் போய்வந்துவிடலாம் என்று மனைவிக்கு வாக்கும் கொடுத்தார். அப்போது நடந்தது ஐப்பசி. எவ்வளவு அவகாசம், பாருங்கள்!

படகின் மூக்கில் ஒரு ரோலர் இருந்தது. நங்கூரத்தை இறக்கும்போதும் ஏற்றும்போதும் கயிறு படகின் விளிம்பில் உராயாமல் உருண்டு வர வைத்திருக்கும் சின்ன உருளை, அவ்வளவுதான். நங்கூரமோ ஒரு பெரிய பூசணிக்காய் எடைகூட இராது. காளியண்ணன் அந்த ரோலரை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தார். அங்கே பிடித்தது சனி.

"என்னப்பா சிவக்குமாரு, சொப்புச் சாமானாட்ட ஆடுது?" என்றார் தம் லேத்துக்காரரிடம்.

"மாத்திப்போடலாமுங்ணா" என்றார் சிவக்குமார். அவரும் அதே இனம்.

முதலில் நைலானில் ஒரு உருளை கடைந்தார்கள். அது அழகாகச் சுற்றியது, ஆனால் நடுக்கம்பி கொஞ்சம் மெலிசாகத் தெரிந்தது, கம்பியைத் தடியாக்கியதும் உருளை சிறுத்துப்போனது போலிருந்தது, உருளையைப் பெரிதாக்கி பேரிங் போட்டதும் அதைத் தாங்குகிற தகடு நோஞ்சானாகப் பட்டது, ஆகவே ரிக் வண்டிக்கு அடிக்கிற தகட்டிலேயே ஒரு துண்டை வெட்டி வளைத்து, வளைத்தது ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, முட்டுக்கு முட்டாக ஒரு குறுக்குச் சட்டமும் போட்டார்கள். நட்டு அதிர்வில் கழன்றால்? ரிக் பட்டறையில் அதற்கு வைத்தியம் உண்டு: நட்டைப் போல்ட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவார்கள். ஃபைபர் கருகாமலிருக்க ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு அதையும் வைத்தார்கள். ஆயிரம் அடி பூமியைக் குத்தும் வண்டிக்கு எடை என்பது குறையல்ல, மரியாதை. படகுக்கு அந்த மரியாதை தேவையா என்று யாரும் கேட்கவில்லை.

அங்கம்மாள் வேறொன்று கேட்டார், ஞாயிற்றுக்கிழமைதோறும். "இன்னைக்குப் போலாமுங்களா?"

"அடுத்த வாரம் போலாம் புள்ளே. ரோலர்ல ஒரு சின்ன வேலை."

மார்கழியில் படகை ஜேடர்பாளையத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினார்கள். மூக்கு குப்புறச் சாய்ந்தது. பின்புறம் எழும்பி, மோட்டார் விசிறி காற்றில் நின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நாமாயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு ரோலரைக் கழற்றுவோம். காளியண்ணன் அப்படியெல்லாம் தோற்கிறவர் இல்லை. முன்பாரம் அதிகமென்றால் பின்பாரத்தைக் கூட்டினால் போயிற்று! பட்டறையில் கிடந்த இரும்புக் கட்டைகளைக் கொண்டுவந்து பின்னால் அடுக்கினார். படகு நேராக நின்றது. கொஞ்சம் ஆழமாக நின்றது.

அணை மூடுவதற்கு முந்தைய ஞாயிறு வந்தது. அங்கம்மாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, தூக்குப்போசியில் தக்காளிச் சோறு எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவதுபோல் இளம்பிள்ளைத் தறியில் நெய்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். காளியண்ணன் ஏறி உட்கார்ந்திருந்தார். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"ஏறட்டுங்களா?"

"இரு புள்ளே. நீ ஏறுனீன்னா தண்ணி உள்ள வந்துரும்."

"நாலு பேரு போற படகுன்னு சொன்னீங்க?"

"அது பழைய ரோலரு இருந்தப்ப."

அங்கம்மாள் தூக்குப்போசியைக் கரையில் வைத்தார். பிறகு, "அப்ப அதையக் கழட்டி வெச்சுப்போட்டு என்னைய ஏத்துங்க" என்றார்.

காளியண்ணன் நிஜமாகவே யோசித்தார். மனைவியைப் பார்த்தார். ரோலரைப் பார்த்தார். ரோலரை இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

"நட்டுக்கெல்லாம் வெல்டு வெச்சாச்சே புள்ளே! கழட்டோணும்னா அறுக்கோணும். அவ்வளவு பாடுபட்டு செஞ்சதை யாராச்சும் அறுப்பாங்களா? நீ இங்கயே நில்லு, ஒரு ட்ரையல் பாத்துட்டு வாரேன்."

போனார். நட்டாற்றில் மோட்டாரை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினார். கயிறு வழுக்கிக்கொண்டு இறங்கியது. கரையைப் பார்த்துக் கூவினார்: "ஏ புள்ளே! ரோலர்ல ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"இல்லீங்க" என்றார் அங்கம்மாள்.

காளியண்ணன் படகை நிறுத்திய இடத்திலிருந்து ஜேடர்பாளையம் முழுசாகத் தெரிந்திருக்கும். அவர் குனிந்து ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் மேட்டூரை மூடிவிட்டார்கள். படகு இப்போது பட்டறையில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. அங்கம்மாள் மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார்.

இவ்வளவு நேரம் காளியண்ணனைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தகட்டை அலுமினியத்தில் அடித்திருந்தால் பாரமும் குறைந்திருக்கும், துருவும் பிடிக்காதே என்று நடுவில் எங்கேயோ உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? நல்ல யோசனைதான், காளியண்ணனிடம் சொன்னால் கட்டிப்பிடித்துக்கொள்வார். அது தோன்றிய அந்த நிமிஷத்தில், கரையில் நிற்கிற பெண்பிள்ளைக்கு முழங்கால் வலிக்குமே, உட்கார அங்கே ஒரு கல்லாவது கிடந்ததா என்று தோன்றியதா?