மூணு ரிப்போர்ட் அண்ணனின் அட்டவணை

ஒருவர் சொன்னதை அப்படியே நம்பும் பாவத்தைப் பினாங்குத் தீவில் ஒருநாளும் செய்யாதவர் மூணு ரிப்போர்ட் அண்ணன் ஒருவரே. மழை பெய்கிறதா என்பதைக்கூட மூன்று பேரிடம் கேட்ட பிறகுதான் குடையை விரிப்பார், அதற்குள் நனைந்திருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழக விடுமுறையின்போது, பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்த நான்கு கணினிகளுக்கும் அவர்தான் காவல். கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியில் வருவார். சம்பளப் பட்டியலுக்கு வெளியே அவருடைய சொந்தப் பெயர் வழங்கியதாக எனக்குத் தெரியாது.

வைரஸ் பிடிக்க மூன்று நிறுவனங்களின் மூன்று நிரல்களை அவர் வைத்திருந்தார். மூன்றும் ஒரே வைரஸைத்தான் கண்டுபிடிக்கும். ஆனால் முதலாவது அதற்கு ஓர் ஊரின் பெயரைச் சூட்டி, திரை முழுவதும் சிவப்பாக்கி அலறும். இரண்டாவது ஓர் எண்ணைச் சொல்லி, பத்துக்கு ஆறு என்று மதிப்பெண் இடும். மூன்றாவது ஒரு பெண் பெயரைத் தந்து, ‘கவனிக்கத்தக்கது’ என்று அடக்கமாக முடித்துக்கொள்ளும்.

“மூணு பேரும் ஒரே திருடனத்தான் பாத்திருக்கானுங்க, தங்கச்சி,” என்பார் அண்ணன். “ஒருத்தன் சட்டையச் சொல்றான், ஒருத்தன் உயரத்தச் சொல்றான், ஒருத்தன் அவன் பொண்டாட்டி பேரச் சொல்றான். போலீசு என்னா செய்யும்?”

ஆகவே அவரே ஓர் அட்டவணை வகுத்தார். கோப்பு, பொதுப் பெயர், கேட்டின் அளவு, வந்த வழி என நான்கே கட்டங்கள். அளவு என்றால் குறைவு, நடுத்தரம், அதிகம். நான்காவது அளவு உலகில் கிடையாது. மூன்று நிரல்களின் கூச்சலும் அதற்குள் வந்து அடங்க வேண்டும். மதியம் வாங்கும் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸும் தப்பவில்லை. காரம் எப்படி என்று எங்கள் மூவரிடம் கேட்டு, ‘நடுத்தரம்’ என்று எழுதிக்கொள்வார். கடைக்காரர் ஒருமுறை பொறுக்காமல் கேட்டார்: “அண்ணே, சாப்புடுறீங்களா, பரீட்ச வெக்கிறீங்களா?”

ஒரு திங்கட்கிழமை வைரஸால் கப்பல் ஒன்றின் சரக்குப் பட்டியல் அடியோடு அழிந்துபோனது. கோலாலம்பூர்த் தலைமை அலுவலகம் பொறுப்பாளி யாரென்று கேட்டது. மேலாளர் மூன்று நிரல்களின் அறிக்கைகளையும் வாங்கினார், வரிகளைக் கூட்டினார், ஒன்பது வந்தது. அறிக்கைகள் எங்களோடு வேலை பார்த்த கோமளா அக்காவின் கணினியில் எடுத்தவை. மாலை வகுப்புக்குப் போகும் அக்கா, அங்கிருந்து ஃபிளாப்பி வட்டு கொண்டுவருவது எல்லோருக்கும் தெரியும்.

“ஒம்பது வைரஸ்! ஒன்னு ரெண்டுன்னாகூட விட்டுரலாம். வெள்ளிக்கிழமையோட அவங்கள நிறுத்திருவோம்,” என்றார் மேலாளர்.

அக்காவின் கணவர் அக்கரையில் பிறை என்ற ஊரில் லாரி மோதியதிலிருந்து படுக்கையில் இருந்தார். அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர் அக்கா மட்டுமே.

“ஒம்பது இல்ல சார், ஒன்னுதான். மூணு கோப்பு, மூணு பேரு. எனக்கு ஒரு நாள் குடுங்க,” என்றார் அண்ணன்.

அவர் மூன்று நிரல்களும் தந்த பழைய அறிக்கைத் தாள்களையெல்லாம் பரப்பி உட்கார்ந்தார். வெவ்வேறு பெயர்களில் சிதறிக் கிடந்தவரை அவை ஒன்றுமே சொல்லவில்லை. ஒரே பொதுப் பெயரின் கீழ் தேதிவாரியாக அடுக்கியதும் பேசத் தொடங்கின. எந்தக் கணினியை அண்ணன் சோதித்தாரோ, மறுவாரம் அந்தக் கணினியில் அந்த வைரஸ் இருந்தது. கோமளா அக்காவின் கணினி வரிசையில் கடைசி.

அவர் கணினிக்குக் கணினி கொண்டுபோகும் சோதனை வட்டின் மூலையில் ஒரு சிறு தாழ் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் வட்டில் எதுவும் புதிதாகப் பதியாது. அண்ணன் அதைத் திறந்தே வைத்திருந்தார். அந்த அருமை அட்டவணையை அதே வட்டில்தான் அன்றாடம் பதிந்துவந்தார். முதல் கணினியின் வைரஸ் அதில் ஏறி, அவர் கையாலேயே மற்ற மூன்றுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

தம் முடிவு சரியா என்று அவர் வழக்கப்படி மூவரிடம் கேட்டார். தொலைபேசியில் ஒரு பொறியாளர். அடுத்து எங்கள் மூத்த எழுத்தரான தலைமைக் கிராணி. மூன்றாவதாக என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, நீ எழுத்தெழுத்தாப் படிக்கிற பொண்ணு. வேற மாதிரி வருதான்னு பாரு.”

இரண்டு முறை வரிவரியாகப் பார்த்தேன்.

“இல்ல, அண்ணே. சரியாத்தான் இருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

அவர் சிரித்தார். “இத்தன வருசத்துல மூணு பேரு ஒத்துப்போனதே இல்ல. இன்னைக்குன்னு பாத்து ஒத்துப்போறீங்க லா.”

பிறகு என் பேனாவை வாங்கி, ‘வந்த வழி’ என்ற கட்டத்தில் தம் முழுப் பெயரை எழுதினார். அளவு: அதிகம்.

“நடுத்தரம்னு போடலாமே, அண்ணே,” என்றேன். ஒரு தாளில் பொய் எழுதச் சொல்லி நான் ஒருவரைக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“நம்ம ஆளுன்னு அளவ மாத்துனா அப்புறம் அட்டவண எதுக்கு?”

மேலாளர் தாளைப் படித்தார். வெள்ளிக்கிழமை மாறவில்லை, ஆள் மாறினார்.

அன்று மாலை கோமளா அக்கா எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டித் தீர்த்தார். “ஒங்களுக்குப் பைத்தியமா? பேசாம என் பேரையே எழுதிருக்க வேண்டியதுதான? இந்த வயசுல ஒங்களுக்கு யாரு வேல குடுப்பா?” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

“ஒங்க பேரு நீளம், கோமளா. கட்டத்துல பத்தாது,” என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் இரண்டு பைகளுடன் வெளியே வந்தபோது நானும் வந்தேன். அவர் ஃபெரி ஏறும் துறைமுகப் பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன்.

“ஒன் கொம்தார் பஸ்ஸு அந்தப் பக்கம், தங்கச்சி.”

“தெரியும், அண்ணே,” என்று சொல்லி, ஒரு பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.