இடுப்பளவு என்றால் யார் இடுப்பு?

எனக்கு நீச்சல் தெரியாது. நாற்பதைத் தாண்டிய வயதில் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு ஒரே காரணம், இதற்கு மேல் மறைக்க வழியில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் வீடியோ இருக்கிறது.

நான் சீவலப்பேரிக்காரன். தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேர்கிற ஊர். அந்த ஊரில் பிறந்தவனிடம் நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் நானும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது முங்கிக் குளிப்பது மட்டும்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவேன். காலுக்குத் தரை தட்டுப்பட்டதும் எழுந்துகொள்வேன். தரை இருக்கிற வரைக்கும் நான் நல்ல நீச்சல்காரன்.

என் மனைவி செல்விக்கு விளாத்திகுளம் பக்கம். அவள் ஊருக்குத் தண்ணீர் லாரியில் வரும். கல்யாணமான புதிதில் அவளை ஆற்றுக்குக் கூட்டிப்போனபோது, கடைசிப் படியில் உட்கார்ந்து செம்பில் மோந்து ஊற்றிக்கொண்டாள். ("ஆத்துல வந்து செம்பு கேட்ட மருமவ" என்று எங்கள் வீட்டில் அது வருஷக்கணக்கில் ஓடியது. அப்போது அதிகமாகச் சிரித்தவன் நான்.) மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதை வாங்கினாலும் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்துவரை வாசிப்பாள். தீப்பெட்டியைக்கூட வாசித்துவிட்டுத்தான் உரசுவாள்.

எங்கள் மகள் காந்திமதிக்கு அப்போது நாலு வயது. மதி என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளை வாட்டர் பார்க் போய்வந்து கதை சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த மதி, "நம்மளும் போவணும்" என்று ஆரம்பித்தவள் கோடை லீவு வரைக்கும் நிறுத்தவில்லை. கடைசியில், நாங்கள் குடியிருக்கிற நகரத்துக்கு வெளியே நாற்கரச் சாலையோரம் இருக்கிற வாட்டர் பார்க்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவானது.

முதல்நாள் அலுவலகத்தில் ஒரு நண்பர் திரியைக் கொளுத்திப் போட்டார். "அது பூரா மருந்துத் தண்ணி வே. பச்சப்பிள்ள தோலு வெந்துபோவும்" என்றார்.

தண்ணீரால் எந்தத் தொந்தரவு வந்தாலும் எங்களிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு. எண்ணெய். குற்றாலத்துக்குப் போனால்கூட உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டுதானே அருவிக்குள் நுழைகிறோம்? வாட்டர் பார்க்கும் ஒருவகையில் குற்றாலம்தான், என்ன, தண்ணீர் மோட்டாரில் வருகிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில், செல்வி புளியோதரை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் நல்லெண்ணெயில் ரெண்டு மிளகு தட்டிப்போட்டுக் காய்ச்சினேன். மதிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்தேன். மிச்சம் இருந்ததை வீணாக்காமல் நானும் தேய்த்துக்கொண்டேன்.

செல்வி வந்து பார்த்தாள். "என்னங்க, பிள்ள இந்த மினுங்கு மினுங்குதா?"

"பிள்ளன்னா மினுங்கத்தான் செய்யும்."

வாட்டர் பார்க்கில் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு குழாயின் கீழ் நனைந்துவிட்டுத்தான் போக வேண்டும். நனைந்தோம். தண்ணீர் எங்கள் இருவர்மேலும் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. (சீயக்காய் போடாமல் நல்லெண்ணெய் இறங்காது என்பது எனக்கும் தெரியும். நினைவுக்கு வரவில்லை.) பக்கத்தில், "உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளத்தில் இறங்கக் கூடாது" என்று ஒரு போர்டு இருந்தது. அது தேங்காய் எண்ணெயைச் சொல்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

போர்டுக்கு அடுத்து ஒரு கம்பியில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. சின்னப் பிள்ளைகளுக்கும் இருந்தது. வாடகையும் கிடையாது.

"மதிக்கு ஒண்ணு எடுங்க" என்றாள் செல்வி.

"ஆத்துக்காரன் பிள்ளைக்கு ஜாக்கெட்டா? ஊருல கேட்டா சிரிப்பாணி வரும்" என்று சொல்லிவிட்டு, வண்ணார்பேட்டையில் வாங்கி வைத்திருந்த பொருளைப் பையிலிருந்து எடுத்தேன். தோளுக்குக் கீழே கைக்கு ஒன்றாக மாட்டிவிடுகிற காற்றுப் பை. ஆரஞ்சு நிறம், மேலே வாத்துப் படம். செல்வி அட்டையை வாங்கித் திருப்பினாள்.

"'இது விளையாட்டுப் பொருள். உயிர் காக்கும் சாதனம் அல்ல. பெரியவர்கள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்'னு போட்டுருக்கான்."

"நாளைக்கு யாரும் கேசு போட்டுறக் கூடாதுன்னு எழுதுதான். பிள்ளைங்க குளத்துல இடுப்பளவு தண்ணிதான் செல்வி."

"யாரு இடுப்பு?"

எங்கள் ஊரில் இடுப்பளவு என்றால் இடுப்பளவுதான். யாருடைய இடுப்பு என்று குறுக்குக்கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்தால் இப்படியெல்லாம் சந்தேகம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

காற்றுப் பையை முதலிலேயே முழுக்க ஊதிவிட்டேன். கையில் மாட்டிவிட்டுத்தான் ஊத வேண்டும் என்பதும் அட்டையில் இருந்திருக்கிறது. ஆனாலும் எண்ணெயின் தயவில் அது மதியின் கையில் சர்ரென்று ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நான் எம்.எஸ்ஸி. இயற்பியல்.

பிள்ளைகள் குளம் ஒரு பக்கம் கணுக்காலில் தொடங்கி, சரிந்து சரிந்து மறுகோடியில் இடுப்புக்கு வரும். நடுவில் காளான் மாதிரி ஒரு குடை. அதிலிருந்து தண்ணீர் கொட்டும். உயரமான நாற்காலியில் விசிலோடு ஒரு காவலர் இருந்தார். ஆழப்பக்கத்தில் பெரிய மீசை வைத்த அண்ணாச்சி ஒருவர், லாரி டியூப்புக்குள் உட்கார்ந்து கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தார்.

மதி கணுக்கால் பக்கம் இறங்கினாள். செல்வியும் சுடிதாரோடு இறங்கினாள். தண்ணீரைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறவள், அட்டையில் போட்டிருந்தபடி கையெட்டும் தூரத்தில் பிள்ளை பின்னாலேயே நடந்தாள். நான் மறுகோடிக்குப் போய்க் கரையில் நின்றேன். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போன் தொங்கியது. மகளின் முதல் நீச்சலை நேரடியாகப் பதிவுசெய்து அனுப்புவதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன்.

"வாட்டி, அப்பாட்ட வா! பைய வா! செல்வி, நீ கொஞ்சம் தள்ளி நில்லேன், படத்துல நீயே தெரியுத."

"நான் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போறேன்" என்றாள் செல்வி. நகரவில்லை.

மதி காலை உதைத்து உதைத்து, மிதந்து வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் அதைச் சொன்னேன்.

"மதி, அப்பாவுக்கு டாட்டா காட்டு! ரெண்டு கையும் தூக்கு!"

மதி இரண்டு கையையும் தூக்கினாள். இரண்டு காற்றுப் பைகளும் கையை விட்டு உருவிக்கொண்டு வந்து, தண்ணீர்மேல் சிவனே என்று மிதந்தன. மிதப்பதில் அவற்றிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. மதியைத்தான் காணவில்லை.

ஒரு அலறல், ஒரு கையடிப்பு, ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. காளானிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ யாரிடமோ சமோசா கேட்டார்கள். என் பிள்ளை தண்ணீருக்கு அடியில் இருக்கிறாள், சுற்றியிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. என் கால் அசையவில்லை. அந்த நேரத்துப் பயத்தை வேடிக்கையாக எழுத எனக்கு இன்றுவரை வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

செல்வி குனிந்து கையைப் பிடித்தாள், வழுக்கியது. காலைப் பிடித்தாள், அதுவும் வழுக்கியது. மூன்றாவதாக முதுகுப்பக்கத்து உடுப்பைக் கொத்தாகப் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குவதுபோல் ஒரே தூக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மதி இருமினாள். இருமிவிட்டு ஊரைக் கூட்டி அழுதாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தத்தைக் கேட்டதில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் குதித்தேன்.

எதற்குக் குதித்தாய் என்று இன்றும் கேட்கிறார்கள். குதி என்று மூளை முன்பே சொல்லிவிட்டது, காலுக்குச் செய்தி தாமதமாக வந்தது. "பயப்படாத, அப்பா ஆத்துக்காரன்!" என்று ஒரு வசனம் வேறு சொல்லியிருக்கிறேன். குதித்த வேகத்தில் மல்லாக்க விழுந்து, மூக்கு வாய் எல்லாம் தண்ணீர் ஏறி, வழக்கம்போல் தரையைத் தேடினேன். தரை இருந்தது, காலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நல்லெண்ணெய் இருந்தது. வழவழவென்ற டைல்ஸில் காலை ஊன்றும்போதெல்லாம் திரும்ப விழுந்தேன்.

விசில் ஊதியபடி காவலர் குதித்தார். கூடங்குளம் பக்கத்துக் கடலோரத்துப் பையன். என் தோளைப் பிடித்தார், கை நழுவியது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார், நான் அவர் கைக்குள்ளேயே சுற்றி மறுபடி முங்கினேன்.

"என்ன சார், மீனு மாதிரி வழுக்குதீங்க, ஆனா நீந்தமாட்டுக்கீங்களே!"

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். நிலவரத்தைப் பார்த்துவிட்டு, தன் லாரி டியூப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். "இதப் புடியும் வே!"

பிடித்தேன். அதுவும் வழுக்கியது.

அப்போதுதான் செல்வியின் குரல் குளம் முழுக்கக் கேட்டது.

"ஏங்க! எந்திரிச்சு நில்லுங்க! இடுப்பளவு தண்ணிதான்!"

காவலரின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. என் இடுப்பு.

குளத்தின்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்திருந்தது. நீளமாக ஒரு விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிட்டார்கள். டிக்கெட் எடுத்து வந்த அத்தனை குடும்பமும் கரையில் ஈரத்தோடு நின்று, சல்லடையால் எண்ணெயை அள்ளுவதை ஒருமுறையும், என்னை ஒருமுறையும் பார்த்தது. அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்தார். "நல்லெண்ணெயா? வாசம் ஆளத் தூக்குதே. எந்தச் செக்குல வாங்குதீரு?"

மதியை உட்காரவைத்து, இருமல் முழுக்க அடங்குகிறவரை காவலர் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச்சொன்னார். சாயங்காலம் மதி லைஃப் ஜாக்கெட்டோடு மறுபடி இறங்கினாள். இறங்குவதற்கு முன் கம்பியில் தொங்கிய இன்னொன்றைக் காட்டி, "அப்பாவுக்கும் ஒண்ணு குடுங்க மாமா" என்று காவலரிடம் சொன்னாள். அவரும் கொடுத்தார். போட்டுக்கொண்டேன்.

கழுத்தில் கிடந்த போன் எல்லாவற்றையும் பதிவுசெய்திருந்தது. பெரும்பாலும் வானமும் தண்ணீரும் மாறி மாறி வரும். குரல்கள் மட்டும் தெளிவாக இருக்கும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, செல்வியே அதைக் குடும்பக் குழுவில் போட்டாள். அன்றோடு செம்புக் கதை செத்தது.

அதிலிருந்து நான் எதற்குப் பதறினாலும், மதியின் பள்ளிக்கூட அட்மிஷனோ, அலுவலகத்தில் இடமாற்றமோ, வீட்டில் யாராவது ஒருவர், "எந்திரிச்சு நில்லுங்க, இடுப்பளவு தண்ணிதான்" என்பார்கள். சொன்னதும் மொத்த வீடும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

மதிக்கு இப்போது பத்து வயது. முறையாகக் கற்றுக்கொண்டு நன்றாக நீந்துகிறாள். போன மாதம் சீவலப்பேரிக்குப் போயிருந்தபோது, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். செல்வி படியில் செம்போடு உட்கார்ந்திருந்தாள். நானும் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மகள் பின்னாலேயே இறங்கி, கையெட்டும் தூரத்தில் நின்றேன். மதி திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டித் தூரத்தை அளந்தாள். பிறகு என் முழங்கையில் விரலைத் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

"எண்ணெ இல்ல. சரி, வாங்க" என்றாள்.