ஏரி அக்கா

வெண்கடம்பு நாட்டுக்கு ஒரு ராஜா வாய்த்தார். குடிகள் பேசுவதை ஒட்டுக்கேட்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. அவர்களிடம் கேட்பதில்தான் இல்லை. ஊர் ஏரியைத் தூர்த்துத் தமக்கொரு வெற்றித்தூண் எழுப்பப் போவதாக அறிவித்தார். எந்தப் போரில் வெற்றி என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

முதல் ஆணை ‘ஏரி’ என்ற சொல்லைத் தடைசெய்தது. இனி அது ‘முன்னாள் நீர்ப்பரப்பு’. எதிர்த்துக் கரையில் கூடியவர்கள் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். உடனே இரண்டாம் ஆணை வந்தது: போன் இல்லாமல் நடமாடுபவர் எதையோ மறைப்பவர், கைது செய்க.

ஆகவே, ஏரியில் அல்லி பறித்து விற்ற வடிவாம்பாள் போனோடுதான் கூட்டத்துக்குக் கிளம்பினாள். நானூறு குடும்பங்கள் கையெழுத்திட்ட மனு, கூட்டத்தை நடத்தும் தையல்நாயகியிடம் இருந்தது. அவள் பிடிபட்டால் நானூறும் மாட்டும். அதனால் வடிவு விரல்ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எட்டு இலக்க எண் வைத்தாள். படங்களையும் பேசிய பேச்சையும் அழித்தாள். இருப்பிடம் காட்டுவதை நிறுத்தினாள். பாவி மகள், ஒன்றை மட்டும் மறந்துபோனாள். அந்த நாட்டில் யாருடைய எண்ணையும் வெறும் பெயரில் பதிந்துவைக்கும் வழக்கமில்லை. ‘பால் பழனியாண்டி’, ‘கரண்டு கதிரேசன்’ என்றுதான் வைப்பார்கள்.

பாலத்துச் சாவடியில் தலைமைச் செவியர் என்ற பட்டம் தாங்கிய அதிகாரி போனை வாங்கிக்கொண்டார்.

“பூட்டின் எண்ணைச் சொல்.”

“மறந்துபோச்சுங்க.”

அவர் ஆணைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “மறதியைக் குற்றமாக்கும் ஆணை இன்னும் கையொப்பமாகவில்லை. நீ போகலாம்.”

போனைத் திருப்பி நீட்டும்போது அது அடித்தது. பூட்டிய திரையில் பெரிதாக வந்தது: ‘ஏரி அக்கா’.

“தடைசெய்யப்பட்ட சொல்லே அழைக்கிறதே,” என்றவர், ஸ்பீக்கரில் போட்டு அவள் வாயருகே பிடித்தார். “பேசு.”

“ராங் நம்பர்,” என்றாள் வடிவு.

“எதுடி ராங் நம்பர்? நான் தையல்தான். இன்னும் உன்னக் காணலையேன்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கேன். அரசமரத்து டீக்கடையிலதான் நிக்கிறேன். மனு பத்திரமா இருக்கு, நீ பாத்து வா.”

இதைவிட அன்பாக ஒருத்தி தன்னைத் தானே பிடித்துக் கொடுத்திருக்க முடியாது. அன்று மாலைக்குள் நானூறு வீட்டுக் கதவுகளும் தட்டப்பட்டன. பிறகு தூணும் எழும்பிவிட்டது.

திரைகளில் தகாத சொற்கள் தோன்றாதிருக்க மூன்றாம் ஆணை வந்தது. இப்போது யார் யாரை அழைத்தாலும் திரையில் ‘நலம்’ என்றே வரும். எவர் அழைக்கிறார் என்று தெரியாததால் அந்த நாட்டில் பலர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

வடிவு மட்டும் எல்லாவற்றையும் எடுக்கிறாள். சிறையிலிருக்கும் தையலை மாதம் ஒருமுறை பேச விடுவதாகக் கேள்வி.

“அக்கா, நான்தான் பேசுறேன்க்கா,” என்கிறாள் எடுத்ததுமே.

ராஜாவின் பதிவு செய்த குரல் குழைவாகக் கேட்கிறது: “அன்புக் குடிமக்களே, நலமா? நலம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்.”

இல்லையென்றால் எதை அழுத்துவது என்று சொல்வார்களோ எனக் காத்திருந்து பார்க்கிறாள். பிறகு ஒன்றை அழுத்துகிறாள்.