சும்மா சார் செய்த காலித் திரை

கம்ப்யூட்டர் கற்றுத் தருகிறேன் என்று போர்டு மாட்டிவிட்டு, வந்தவர்களிடம் "முதல்ல அதைத் தொடாம இரு" என்று சொன்ன ஆசிரியர் உலகத்திலேயே எங்கள் சும்மா சார் ஒருவர்தான். தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவருடைய சென்டர் இருந்தது. நான் அங்கே டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். என்ன கேட்டாலும் "சும்மா இரு, தன்னால வரும்" என்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய அம்மாவுக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது.

சிலருக்குச் சனி பிடிப்பதுபோல அவருக்குத் தாவோ பிடித்திருந்தது. அது சீனாவின் பழைய தத்துவம். போகிற போக்கோடு போ, எதையும் முட்டித் தள்ளாதே, செய்தது தெரியாமல் செய் என்று எனக்குச் சுருக்கிச் சொன்னார். நம் ஊரில் சும்மா இருப்பவனை வேலைவெட்டி இல்லாதவன் என்போம். சீனாக்காரன் அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறான். சார் அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார்.

"நல்ல புரோகிராம்னா அது இருக்குன்னே தெரியப்பிடாது மக்கா. வலிக்காத வரைக்கும் வாயில பல்லு உண்டுன்னு நினைக்கியா?"

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் கவுண்டரில் ரோஸ்லி என்ற பெண். அவள் பாட்டுக்கு வேலை செய்ய விடாமல், எங்கிருந்தோ வாங்கிய ஒரு புரோகிராம் அவளைப் படுத்தியது. ஒரு நோயாளியின் பெயரை எடுக்கப் போலீஸ்காரன் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்கும். தப்பாகத் தட்டினால் 'பீப்' என்று கத்தும். வரிசை மொத்தமும் ரோஸ்லியைத் திரும்பிப் பார்க்கும். "எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்று அவள் அழுத அன்றைக்கு, ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர், எங்கள் சும்மா சாரை அழைத்தார். இந்த வேலை கைகூடாவிட்டால் சென்டரை மூட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும்.

சார் நேரே போய் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்தார். நாள் முழுக்க ரோஸ்லியின் விரல்களையும் வருகிறவர்களின் முகங்களையும் பார்த்தார். மறுநாளும் அதே. அசையாமல், கண் இமைக்காமல் இருந்தவரைக் கண்டு நர்சுக்குப் பரிதாபம் வந்தது. "சுகுமாரன்! சுகுமாரன் உண்டா?" என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. காது கேட்காத சுகுமாரன் இவர்தான் என்று முடிவுகட்டி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஊசியைப் போட்டுவிட்டாள்.

"நான் சுகுமாரன் இல்லைன்னு சொல்லப்பிடாதா சார்?" என்றேன்.

"வாற வெள்ளத்தை எதுக்காக்கும் தடுக்கணும்?" என்றார், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே. நல்ல வேளை, சத்து ஊசி.

புரோகிராம் தயாரானது. டாக்டர் வந்து பார்த்தார். கறுப்புத் திரை. அதில் மினுக்கிக்கொண்டு ஒரே ஒரு கோடு.

"இதெந்தா சாரே, இதுல ஒண்ணும் இல்லல்லோ?"

"எல்லாம் உண்டு டாக்டரே. பேரைத் தட்டினா பேரைத் தேடும். நம்பரைத் தட்டினா நம்பரைத் தேடும். தப்பாத் தட்டினா அதை ஒத்த பேரை எடுத்துக் காட்டும். கத்தாது."

"ஆஸ்பத்திரி பேரு பூவுக்குள்ள மின்னி மின்னி வரணும்னு சொன்னேனே?"

"காய்ச்சக்காரன் பூவைப் பாக்கவா வாறான்?"

டாக்டர் முகம் சிவந்தது. நான் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு வாரம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் போய்விட்டார்.

அந்த வாரம் பொழியூர்ப் பக்கம் காய்ச்சல். கவுண்டரில் திருவிழாக் கூட்டம். ரோஸ்லி திரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. விரல் அது பாட்டுக்குப் போக, அவள் எதிரே நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். "அக்கா, நிக்காண்டாம், இரியுங்க. பிள்ளை வெள்ளமாவது குடிச்சுதா?" மத்தியானத்துக்குள் வரிசை கரைந்துவிட்டது. ஜெயித்தோம் என்று நான் குதித்தேன்.

வாரக் கடைசியில் டாக்டர் எங்களை அழைத்தார். "ரோஸ்லியே எல்லாத்தையும் பாத்துக்கிடுதா. கம்ப்யூட்டர் சும்மாவாக்கும் இருக்கு. வேண்டாம், எடுத்திரலாம்."

சென்டர் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். சாருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. "கேட்டியாலே! இருக்குன்னே தெரியல்ல! இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா?" என்று வயரைப் பிடுங்கத் தானே குனிந்துவிட்டார்.

தடுத்தது ரோஸ்லி. "அதைத் தொடப்பிடாது. அது போனா நானும் போவேன்" என்று மேசைக்குக் குறுக்கே நின்றாள். அதுவரை டாக்டர் முன்னால் வாய் திறக்காத பெண். டாக்டர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அப்போ பூவாவது வரட்டும்" என்றார்.

சார் மறுக்கவில்லை; போகிற போக்கோடு போகிறவர் அல்லவா! காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பூ விரியும். யாராவது ஒரு எழுத்தைத் தட்டினால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். டாக்டர் தினமும் வந்து, அது விரிவதைப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளைப் பார்க்கப் போனார்.

சென்டர் பிழைத்தது. சில வருஷம் கழித்து சார் பெங்களூரில் ஒரு வேலைக்குப் போனார். அவர் போன மறுநாள் காலையில் நான் சென்டருக்குள் நுழைந்தபோது ஜன்னல்கள் மூடியே கிடந்தன. கீபோர்டுகளில் தூசி. படிக்கச் சேர்ந்து, முதல் நாள் பயந்துகொண்டே வந்த ஒரு பெண்ணுக்கு யாரும் பால் விடாத கட்டன்சாயா வாங்கித் தரவில்லை. இதெல்லாம் தன்னால் நடக்கிறது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.