நடைபாதைக்கு இரண்டு வரைபடங்கள்

ஊரில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று நகராட்சி தீர்மானம் போட்ட அதே நாளில், தான் மட்டும் நடப்பதில்லை என்று ப்ளான் சார் தீர்மானம் போட்டார். நகராட்சியின் தீர்மானத்துக்குப் பதினாறு பேர் கை தூக்கினார்கள். மூன்று பேர் தூங்கினார்கள். ப்ளான் சாரின் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. இருபத்தாறு வருஷமாக அந்த ஊரின் குழாயும் சாக்கடையும் அவர் பென்சிலில்தான் ஓடுகின்றன. காகிதத்தில் தங்கு தடையில்லாமல் ஓடும். தரையில் எப்படி ஓடுகிறது என்று அவரைக் கேட்கக் கூடாது, அது வேறு பிரிவு. வீட்டம்மா தையல்காரி. தெருவில் பாதிப்பேர் உடுத்துவது அவள் தைத்ததுதான். வாயில் நாலு குண்டூசி இருக்கும்போதுகூட அவளால் ஊர்க்கதை பேச முடியும்.

பிரச்சினை டாக்டரிடம் ஆரம்பித்தது. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினம் அரைமணி நேரம் நடந்து, வாயைக் கட்டினால் வந்த வழியே போய்விடும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னார். எல்லையில் நிற்கிறது என்றால் இன்னும் உள்ளே வரவில்லை என்றுதானே அர்த்தம்? இந்த நல்ல செய்தியை ப்ளான் சார் பழைய தண்ணீர்த்தொட்டிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் இரண்டு க்ரீம் பன் சாப்பிட்டுக் கொண்டாடினார். தினமும் நாலு மணிக்கு அவர் அங்கே போவது வழக்கம். வீட்டில் அதற்குப் பெயர் ‘சைட் இன்ஸ்பெக்‌ஷன்’.

ஆனால் டாக்டர் சொன்னதை வீட்டம்மாவும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபோதே அது தெரிந்தது. மறுநாள் முதல் நடக்கச் சொல்லிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க நடக்கறது? தெருவுல பாதி பள்ளம், பாதி பைக்கு. நகராட்சி ஒரு நடைபாதை போடட்டும், அன்னைக்கே நடக்கறேன்” என்றார் ப்ளான் சார்.

“சத்தியமாவா?”

“சத்தியமா.”

இருபத்தாறு வருஷ அனுபவத்தில் தைரியமாகச் செய்த சத்தியம் அது. நகராட்சி அவரை இதுவரை கைவிட்டதே இல்லை. இந்தத் தடவை காலை வாரிவிட்டது. இரண்டே மாதத்தில் மேலிடத்திலிருந்து பணம் வந்து இறங்கியது. ஜனங்கள் நடப்பதற்கு ஒரு பாதை, பாதையோரத்தில் பழமும் காய்கறியும் விற்கத் தள்ளுவண்டிக்கு இடம், உட்கார பெஞ்சு, எல்லாம் வரைந்து கொடுக்கும்படி ப்ளான் சாரிடமே உத்தரவு வந்தது. விதிப்படி இரண்டு வரைபடம் போட வேண்டும். ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, ஒன்றை எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்று அவருடைய தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். வேறு இடமில்லை. அது அவர் வீட்டு வாசற்படியைத் தொட்டுக்கொண்டு போய்ப் பள்ளி மைதானத்தில் முடிந்தது. இரண்டாவதை அவர் ஊரின் அந்தக் கோடியில், பேக்கரியின் பின்வாசலில் ஆரம்பித்தார். ஆரம்பித்த இடத்திலேயே ஒரு பெஞ்சும் போட்டார். அங்கே பாதை வந்துவிட்டால் தினமும் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று ஸ்கூட்டரில் போகலாம், பெஞ்சில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுவிட்டு வரலாம். சத்தியமும் நிற்கும், அவரும் உட்காரலாம்.

முதல் படத்தைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பென்சிலில் போட்டார். இரண்டாவதற்குக் கலர் கொடுத்தார். இருபுறமும் மரம், கைகோத்து நடக்கிற ஒரு தம்பதி, பலூனோடு ஒரு குழந்தை. நேரம் மிச்சமிருந்ததால் ஒரு குருவியும் போட்டார்.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவர் பசுமை தீட்டிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

“இந்த மரமெல்லாம் இப்ப அங்க இருக்கா?”

“வளரும்.”

“குருவி?”

“வரும்.”

“நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். ப்ளான் சாருக்கு மூச்சு வந்தது. கேள்வி கேட்காமல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்று இருபத்தைந்து வருஷ இல்லறம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. பாடம் சமயத்தில் மறந்துபோயிற்று.

கருத்துக் கேட்புக் கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. வழக்கமாக இதற்கு நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் டீக்காக. இந்தத் தடவை ப்ளான் சார் அறிவிப்பை ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் ஒட்டச் சொல்லியிருந்தார். தனக்குச் சாதகமாகப் பேச பேக்கரிக்காரரை மட்டும் வரச்சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கு நாற்பது பேர் உள்ளே வந்தார்கள். முன்னால், கழுத்தில் அளவு நாடாவோடு, வீட்டம்மா.

பேச வருகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ளும்படி நகராட்சித் தலைவி சொன்னார். வீட்டம்மா பெயரைச் சொன்னாள். ப்ளான் சார் எழுதினார். முகவரி சொன்னாள். தன் வீட்டு முகவரியை முதல்முறையாகக் கேட்பவர் மாதிரி அதையும் எழுதினார்.

“எங்க தெருவுல ஒருத்தர் இருக்காருங்க” என்று அவள் ஆரம்பித்தாள். “அம்பத்திரண்டு வயசு. தங்கமான மனுஷன். தெருமுனையில குப்பை கொட்டறதுக்கு ஸ்கூட்டர்ல போவார்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த மனிதர் மாடி ஏறும்போது திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, மூச்சு வாங்குவது தெரியக் கூடாது என்று சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பதையும், டாக்டர் எச்சரித்த அன்றைக்கே க்ரீம் பன் தின்றதையும் அவள் விவரித்தாள். பன் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? ப்ளான் சார் பெயர்ப் பட்டியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாலு மணிக் குட்டு இந்த நாற்பது பேர் முன்னால், தலைவி முன்னால் உடைந்தால், திங்கட்கிழமை எந்த முகத்தோடு ஆபீசுக்கு வருவது?

பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “சிரிக்க நல்லாத்தான் இருக்கு. அவர் படி ஏறி வர்ற சத்தம் பாதியில நின்னா, உள்ள இருக்கறவளுக்குக் கையில ஊசி நிக்கறதில்லைங்க. பாதை வாசல்லயே இருந்தா கையைப் பிடிச்சாவது இறக்கி விட்டுடலாம். ஊர்க்கோடியில போட்டா யாருங்க கூட்டிட்டுப் போறது?”

சிரிப்பு நின்றது. படிக்கட்டில் தான் நிற்கும்போது உள்ளே ஒருத்தி நிற்கிறாள் என்று ப்ளான் சார் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

யார் அவர் என்று தலைவி கேட்டார். பெயர் சொன்னால் சுகாதார அலுவலரையே வீட்டுக்கு அனுப்பிப் பேசச் சொல்வதாகவும் சொன்னார். வீட்டம்மா மெல்லத் திரும்பி, வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த ப்ளான் சாரைப் பார்த்தாள்.

“சொல்லலாமா வேண்டாமான்னுதான் யோசிக்கறேன்” என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரர் எழுந்தார். “அம்பத்திரண்டு வயசு, ஸ்கூட்டரு, க்ரீம் பன்னு... எனக்கு ஒருத்தரைத் தெரியும் போல இருக்கே” என்று மோவாயைத் தடவினார்.

“முதல் திட்டம்!” என்றார் ப்ளான் சார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. தெரு வழிப் பாதைதான் தொழில்நுட்பரீதியாகச் சிறந்தது, செலவு குறைவு, இரண்டாவது படத்தில் இருக்கிற மரங்கள் எதுவும் அங்கே இல்லை, குருவிக்கும் தான் பொறுப்பில்லை என்று மளமளவென்று சொல்லி, பரிந்துரையில் கையெழுத்தும் போட்டார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். போகிற போக்கில் வீட்டம்மா பாதைக்கு நாலே பெஞ்சு போதும், அதுவும் தள்ளித் தள்ளி என்றாள். அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

கடைசிவரை பெயர் வெளியே வரவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

பாதை வந்தது. வாசலிலேயே இருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் ப்ளான் சார் இறங்கி நடந்தார். முதல் வாரம் முதல் பெஞ்சுவரை. அடுத்த வாரம் இரண்டாவது பெஞ்சு. பள்ளி மைதானத்தை எட்டியபோது அங்கே பேக்கரிக்காரர் தள்ளுவண்டியில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நகராட்சி வண்டிக்கு வாடகை வாங்கவில்லை, கூட்டமும் இங்கேதான், பன் போட நேரமில்லை என்றார். ப்ளான் சார் பெருமூச்சு விட்டுவிட்டுப் பப்பாளி வாங்கினார். பாதையில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள், இன்றைக்கு எத்தனை சுற்று என்று விசாரித்தார்கள். இத்தனை வருஷம் சாக்கடை வரைந்தவனுக்குக் கிடைக்காத மரியாதை, பாதை வரைந்ததும் வருகிறதே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி இன்னொரு சுற்று நடந்தார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, எல்லையில் நின்றது வந்த வழியே போய்விட்டது, மாத்திரை வேண்டாம் என்றார். ப்ளான் சார் மாடிப்படியை நிற்காமல் ஏறிவந்து அதைச் சொன்னார். வீட்டம்மா மெஷினை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் துடைக்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போனது, இருவருக்கும் நன்றாகத் தெரிந்தது.

அந்த நிம்மதியில் ப்ளான் சார் மனம் இளகினார்.

“பாதை கெடக்கட்டும். அன்னைக்கு நாப்பது பேர் முன்னாடி நீ என் பேரைச் சொல்லாம மானத்தைக் காப்பாத்தினே பாரு, அதை நான் மறக்க மாட்டேன்.”

வீட்டம்மா நூலைப் பல்லால் கடித்தாள்.

“உங்க பேரைச் சொல்லாம, சனிக்கிழமை காலைல நாப்பது பேரை நான் எப்படிங்க கூட்டிட்டு வந்திருக்க முடியும்?”