ஒரு லாரியின் நிர்வாக இயக்குநர்

சரக்கு லாரிகள் நிற்கும் மைதானங்களில் சில வருடங்களாக ஒரு புதிய இனம் பெருகி வருகிறது. பார்வைக்கு டிரைவர் போலவே இருக்கும். டிரைவரைப் போலவே டயரை உதைத்துப் பார்க்கும், கண்ணாடியைத் துடைக்கும், டீயை ஊதி ஊதிக் குடிக்கும். ஆனால் "டிரைவரே!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பாது. "முதலாளி!" என்று கூப்பிட வேண்டும். அப்போதும் உடனே திரும்பாது. இன்னொரு தடவை காதில் விழட்டும் என்று காத்திருக்கும்.

நான் சொல்லப்போகும் முதலாளிக்கு இருப்பது ஒரே ஒரு லாரி. அதுவும் டிரான்ஸ்போர்ட் கம்பெனி தவணை போட்டு அவர் தலையில் கட்டிய பழைய வண்டி. அதே வண்டியை அதே கம்பெனிக்காகப் பதினெட்டு வருடம் சம்பளத்துக்கு ஓட்டியவர். லாரித் தொழிலில் கட்டுப்பாடுகளையெல்லாம் அரசாங்கம் எடுத்த பிறகு, கம்பெனி மேலாளர் அவரை ஏசி அறைக்குள் கூப்பிட்டு, முதல் தடவையாக நாற்காலியில் உட்காரவைத்து, "இனிமே நீங்க தொழிலாளி இல்ல சார், எங்க பங்குதாரர்" என்றார். மனிதர் அந்த நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. சம்பளம் போயிற்று, லீவு போயிற்று, வண்டி படுத்துக்கொண்டால் கம்பெனி செலவில் பார்க்கும் பட்டறையும் போயிற்று. பதிலுக்கு ஒரு விசிட்டிங் கார்டு வந்தது. "நிர்வாக இயக்குநர்" என்று பொன்னிற எழுத்தில். யாரை நிர்வகிக்கிறார்? தன்னைத்தான். கண்டிப்பான நிர்வாகம் வேறு. போன மாதம் காய்ச்சலோடு இருந்த டிரைவர் ஒரு நாள் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நிர்வாக இயக்குநர் மறுத்துவிட்டார்.

சங்கம் என்ற பேச்சை எடுத்தால் போதும், டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "சங்கமா? சோம்பேறிங்க எல்லாம் சேர்ந்து வச்ச கடைப்பா அது!" எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மூட்டையை லோடுமேன்தான் இறக்க வேண்டும், கிடங்கு வாசலில் காக்கவைத்தால் காத்திருப்புக் கூலி தர வேண்டும் என்ற விதிகளின் நிழலில் பதினெட்டு வருடம் குறட்டை விட்டவர். அவையெல்லாம் மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்தவை என்று நினைப்பு.

சங்கம் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். சங்கச் செயலாளர் "ரெண்டே வார்த்தை" என்று மைக்கைப் பிடித்தால் கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கி எழுந்து மறுபடி தூங்குவார்கள். வேலைநிறுத்தத்தை அறிவித்துவிட்டுத் தேதி சொல்ல மறந்த பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அந்த மனிதர் ஒரு பலகையை ஒழுங்காகக் காப்பாற்றினார்.

மைதான வாசலில் தொங்கிய கரும்பலகை அது. வண்டி வந்து நின்ற வரிசையில் எண்ணை எழுதுவார்கள். அந்த வரிசையில் சரக்கு கிடைக்கும். வாடகையை ஏற்கெனவே சங்கம் பேசி முடித்திருக்கும். அதில் ஒரு வழக்கமும் இருந்தது. யாருக்காவது வீட்டில் நல்லது கெட்டது என்றால், அந்த ஊருக்குச் சரக்கு வரும்போது முறையில் இருப்பவர் விட்டுக்கொடுப்பார். சாக்பீஸால் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதினால் முடிந்தது விஷயம். ஏன், எதற்கு என்று யாரும் துருவ மாட்டார்கள். நம் முதலாளி மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர மூன்று பேர் தங்கள் முறையைக் கொடுத்தார்கள்.

அந்தப் பலகையை ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்குரூவைக் கழற்றி இறக்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

"போட்டி வரணும்யா! திறமை உள்ளவன் எடுத்துட்டுப் போகட்டும். போட்டியில அண்ணன் தம்பி கிடையாது" என்று ஸ்டூல் மேலேயே நின்று பேசினார். கீழே நின்ற ஒட்டடைக்குச்சி (உயரத்துக்கும் ஒல்லிக்கும் வைத்த பெயர், அவரும் டிரைவர்தான்) "அண்ணே, பாத்து இறங்குங்க" என்று மட்டும் சொன்னார். பலகை முதலாளி வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாயிற்று.

பலகை போய், ஃபோன் வந்தது. சரக்கு விவரம் செயலியில் விழும். யார் வாடகையைக் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்குச் சரக்கு. யார் கேட்கிறார் என்று தெரியாது, தொகை மட்டும் தெரியும். நம் ஆள் சும்மா இருப்பாரா? தன் எண்ணைத் தலைமை அலுவலகம் என்று பதிந்தார். மனைவியின் எண்ணை வேறொரு பெயரில் கிளை அலுவலகமாகப் பதிந்தார். வண்டி ஒன்றுதான், ஆனால் வாய்ப்பு இரண்டாம். கிளை மேலாளருக்கு அடுப்படியிலேயே பயிற்சி நடந்தது.

"எவனாச்சும் குறைச்சான்னா நீ அதுக்குக் கீழ குறை. விடவே கூடாது."

"எவ்வளவு வரைக்குங்க?"

"அவன் ஓடுற வரைக்கும்!"

இதற்கு நடுவில் துறைமுக ஊரில் இருக்கும் மகளுக்குப் பிரசவத் தேதி நெருங்கியது. தலைப்பிரசவம். "நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்மா, பயப்படாத" என்று சொல்லியிருந்தார். வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகக் கூடாதா என்கிறீர்களா? இரண்டு நாள் வண்டி சும்மா நின்றால் செயலியில் நட்சத்திரம் குறையும். நட்சத்திரம் குறைந்தால் சரக்கே கண்ணில் படாது. முதலாளி என்றால் சும்மாவா? ஆகவே துறைமுகத்துக்குச் சரக்கு விழட்டும் என்று ஒரு வாரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை விழுந்தது. முதலாளி தொகை போட்டார். எவனோ அதற்குக் கீழே போட்டான். இவர் குறைத்தார். அவனும் குறைத்தான். மற்றவர்கள் எல்லாம் தலைதெறிக்க ஓடிவிட்டார்கள். இந்த ஒருவன் மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டான். நடுவில் மனைவியிடமிருந்து மூன்று தடவை அழைப்பு வந்தது. மூன்று தடவையும் துண்டித்தார். ஏலத்தின் நடுவே கிளையோடு என்ன பேச்சு? கடைசியில் டீசலுக்கே போதாத இடத்துக்குத் தொகை இறங்கியது. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு விலகினார்.

நாலாவது அழைப்பை எடுத்தார்.

"என்னங்க, ஃபோனை எடுக்க மாட்டீங்களா? பொண்ணுக்கு வலி வந்துடுச்சாம்!"

"ஐயோ! துறைமுகச் சரக்கு இப்பத்தான் கைவிட்டுப் போச்சு."

"போகலை, நான் புடிச்சுட்டேன்! எவனோ ஒரு பைத்தியக்காரன் விடாம குறைச்சுக்கிட்டே இருந்தான். நான் விடுவேனா? ஓடியே போயிட்டான்."

முதலாளி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, ஏலத்தின் கடைசித் தொகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்படியோ, ஜெயிச்சது நம்ம கம்பெனிதான்" என்றார்.

கிளை மேலாளர் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிப் போய்ச் சேர்ந்தார். நிர்வாக இயக்குநர் சொந்த டீசல் செலவில் மற்றவர் சரக்கை ஏற்றிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே துறைமுகக் கிடங்கை அடைந்தும்விட்டார். வாசலில் நாற்பது வண்டி நின்றது. காத்திருப்புக் கூலி இருந்த காலத்தில் கிடங்குக்காரர்கள் ஓடி வந்து சரக்கை இறக்குவார்கள். இப்போது யாருக்கு என்ன அவசரம்? கேபின் கூரை மேல் ஏறி நின்றால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கூப்பிடும்போது வண்டியில் ஆள் இல்லாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

பின்னால் நின்ற வண்டியில் ஒட்டடைக்குச்சி இருந்தார்.

"தம்பி, என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கயேன். ஒரு மணி நேரம். பொண்ணுக்குப் பிரசவம்."

ஒட்டடைக்குச்சி கெட்டவர் இல்லை. முகத்தில் சங்கடம் தெரிந்தது. "எனக்கு நாளைக்குள்ள அடுத்த லோடு ஏத்தணும்ணே. நீங்க இல்லன்னா நான் ஒரு வண்டி முன்னால போவேன். போட்டியில அண்ணன் தம்பி கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க, ஸ்டூல் மேல நின்னு?"

முதலாளி தன் கேபினுக்கே திரும்பி ஏறினார். பதிலாகத் தன் வசனமே திரும்பி வரும் என்று எந்த வசனகர்த்தாதான் எதிர்பார்க்கிறார்?

ஒன்றரை நாள் கழித்து, மூட்டைகளைத் தானே இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேத்தி பிறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மகள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா பண்றது, முதலாளின்னா பொறுப்பு ஜாஸ்தி. நினைச்ச நேரத்துக்கு வர முடியுமா?"

"தொழிலாளியா இருந்தப்ப என் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துட்டியேப்பா" என்றாள் மகள்.

இந்தப் பேச்சுக்கு நிர்வாக இயக்குநர் என்ன செய்தார்? விசிட்டிங் கார்டை எடுத்து மாப்பிள்ளை கையில் ஒன்று கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். லாரிக்காரன் கதைதானே என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். உங்களையும் யாரோ சமீபத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, பங்குதாரர் என்றோ, குடும்பத்தில் ஒருவர் என்றோ சொன்னார்களா? அதற்குப் பிறகு எந்தப் பலகையையாவது நீங்களே கழற்றிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் நல்லது. இருந்தாலும், உங்கள் விலைக்குக் கீழே விடாமல் குறைத்துக்கொண்டே போகும் அந்தப் பைத்தியக்காரன் யாரென்று வெளியில் தேடுவதற்கு முன்னால், வீட்டிலிருந்து வரும் ஃபோனை ஒரு தடவை எடுத்துப் பேசிவிடுங்கள்.