மாயர் கோயிலில் சட்டையைக் கழற்றியவன்

ஐம்பது வயதில் முதுகில் பை மாட்டுகிறவனுக்கு முதலில் போவது இடுப்பு. மானம் கொஞ்சம் பிந்தித்தான் போகும். எனக்கு இரண்டும் ஒரே நாளில் போயின.

ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் என்னோடு வேலை செய்யும் இளசுகள் எல்லாம் ஒற்றைப் பையோடு உலகம் சுற்றியவர்கள். எனக்கும் ஆசை வந்தது. மனைவி கலாவின் ஆசையோ கடற்கரை, சாய்வு நாற்காலி, வேறு யாரோ சமைத்த சாப்பாடு. சமரசமாக மெக்சிக்கோவில் ஒரு கடற்கரை விடுதி. அவள் மணலில் படுத்திருப்பாள். நான் ஒரு நாள் பையோடு போய் அந்த நாட்டுப் பழங்குடிகளான மாயர்களின் இடிபாடுகளைப் பார்த்து வருவேன்.

"விடுதிக்காரர் பஸ் விடுறாங்கள். அதில போங்கோவன்."

"அது உல்லாசப் பயணியளுக்கு," என்றேன். (அப்ப நீங்கள் ஆர் என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள்.)

"ஒரு கிழமை நான் நிம்மதியா இருக்கவேணும். அங்க போய் மானத்தை வாங்கிப்போடாதேங்கோ."

உள்ளூர் பஸ்ஸில் நசுங்கி, இடுப்புப் பிடித்து இறங்கியபோது உச்சி வெயில். தொப்பிக் கடைகளைத் தாண்டினால், படிப்படியாக உயர்ந்து நிற்கும் கற்கோயில். அதைக் கண்டதும் என் கைகள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றின, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டின. யாழ்ப்பாணத்தில் ஆண்கள் மேற்சட்டையோடு கோயிலுக்குள் போவதில்லை. மூளை மறந்தாலும் உடம்பு மறக்கவில்லை. ஏறவிடாமல் கயிறு கட்டியிருந்ததால், வலமாகச் சுற்றி வந்தேன், சுடுகல்லில் துள்ளித் துள்ளி. (பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.) பையில் கலா வைத்திருந்த திருநீற்றையும் எடுத்துப் பூசினேன்.

நிழலில் ஒரு ஜேர்மன் தம்பதி. "பார், உண்மையான மாயர் பூசாரி!" என்று அந்த அம்மா கணவரிடம் ஜேர்மன் மொழியில் கிசுகிசுத்தார். பிறகு என்னிடம் வந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள்... மாயரா?"

நல்ல ஜேர்மனில் இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருடமாக, 'நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்தவன் நான். நிற்கிற மண்ணுக்கே சொந்தக்காரன் என்று ஒருவர் என்னை நினைத்தது அதுதான் முதல் தடவை. தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பணிவாகத் தலை குனிந்தார். இருவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டேன். படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில், பப்பாசிப்பழத் தட்டோடு திரும்பினால், கலாவின் மேசையில் அதே இருவர். முதல் நாளே கடற்கரையில் அவளுக்குப் பழக்கமாம். நெற்றியில் திருநீறு இன்னும் அழியவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அந்த அம்மா கைத்தொலைபேசியை நீட்டினார். கலா படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மண்டபத்தைச் சுற்றி ஒரு பார்வை.

"பூசாரியார்! தூணுக்குப் பூசை முடிஞ்சால் வந்து சாப்பிடுங்கோ!"

வெளியே வந்தேன். "மன்னிக்கவேண்டும். நான் டுசல்டோர்ஃப்," என்றேன், ஜேர்மன் மொழியில்.

 கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். "டுசல்டோர்ஃபில் எந்தப் பகுதி?"

அவர்கள் பக்கத்து ஊரான நொய்ஸ்.

இப்போது அடிக்கடி கேக் சாப்பிட அழைக்கிறார்கள். அந்தப் படம் அவர்கள் வரவேற்பறையில் சட்டமிட்டுத் தொங்குகிறது. மற்ற விருந்தாளிகளுக்கு அது இன்றைக்கும் மாயர் பூசாரிதான். கதை கெட்டுவிடக்கூடாது என்று என்னிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். நானும் படத்துக்கு நேரே கீழே இருந்து, வாயைத் திறக்காமல் கேக் தின்கிறேன். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது கலா மட்டும் தவறாமல் கேட்பாள்:

"இண்டைக்கு ஆராப் போறியள்? சட்டை எடுக்கவோ, திருநீறு எடுக்கவோ?"